தகரப் பெட்டியில் இருக்கும் தாத்தாவை ஏஐ எழுதிக் கொடுக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: அப்பா தவறிய பிறகு திருமங்கலம் பக்கத்து ஊர் வீட்டை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே எட்டுப் பத்திரங்கள், இலங்கையிலிருந்து வந்த நான்கு கடிதங்கள், 1968-இல் நடந்த அப்பா அம்மா கல்யாணத்தின் மொய் நோட்டு, அப்பத்தா பேசிய இரண்டு கேசட், ஒரு மங்கிப்போன போட்டோ. இதையெல்லாம் ஏஐயிடம் கொடுத்தால் குடும்ப வரலாற்றை எழுதித் தந்துவிடுமா, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறீர்கள். செக்கானூரணியில் 84 வயதில் ஒரு அத்தை இருப்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

நான் இந்தப் பக்கம் 30 வருடத்துக்கு மேல் பத்திரம் எழுதியவன். ஓய்வுக்குப் பிறகு பேத்தி என் போனில் இந்தச் செயலிகளைப் போட்டுக் கொடுத்தாள். பங்காளிகள், தெரிந்தவர்கள் என்று ஏழெட்டுக் குடும்பங்களின் பழைய காகிதங்களை இவற்றை வைத்துப் படித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எழுதிக் கொடுக்கும். நீங்கள் ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் எழுதிக் கொடுக்கும். சிக்கலே அதுதான்.

ஒருநாள் சும்மா என் பெயர், ஊர், தாத்தா பெயர் மூன்றை மட்டும் கொடுத்து "என் முன்னோர் யார்" என்று கேட்டுப் பார்த்தேன். நாயக்கர் படையில் குதிரை ஏறிய ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. மீசை வர்ணனை வேறு. மதுரை நாயக்கர்கள் 72 பாளையங்களாக நாட்டைப் பிரித்தார்கள் என்பது சரித்திரம். கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரு பாளையக்காரத் தாத்தா என்றால் 72 எங்கே போதும்? என் தாத்தா ஏர் ஓட்டியவர், அதற்குப் பத்திரமே இருக்கிறது.

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் ஒன்றே ஒன்று. ஏஐயைக் குமாஸ்தா இடத்தில் உட்கார வைக்கிறேன். படிக்கட்டும், படியெடுக்கட்டும், அட்டவணை போடட்டும், கணக்குப் பார்க்கட்டும். சாட்சிக் கையெழுத்து மட்டும் போடக் கூடாது. கண்ணால் பார்க்காதவன் சாட்சிக் கையெழுத்துப் போடுவது முறையில்லை (ஆபீஸ் வாசலில் போடுகிறார்கள் என்பது வேறு கதை).

முதலில் பத்திரங்கள். காகிதத்தை ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் போடாமல், நேர் மேலே இருந்து படம் எடுங்கள். மடிப்பில் எழுத்து விழுந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் தனியாக இன்னொரு படம். முழுப் பக்கத்தையும் ஒரே படமாகக் கொடுத்தால் நடுவில் இரண்டு வரி காணாமல் போகும், அதைச் சொல்லவும் சொல்லாது. பத்துப் பத்து வரியாக வெட்டிக் கொடுங்கள். கூடவே இப்படிச் சொல்லுங்கள்: "இருப்பதை இருக்கிறபடி எழுது. எழுத்துப்பிழையைத் திருத்தாதே. புரியாத இடத்தில் கேள்விக்குறி போடு. ஊகித்து எழுதாதே." அப்படிச் சொல்லியும் ஊகிக்கும், ஆனால் குறையும். ஜெமினி, சாட்ஜிபிடி, கிளாட் எதிலும் படத்தைக் கொடுத்து எழுத்தைக் கேட்கலாம். ஒரே படத்தை இரண்டு செயலிகளிடம் கொடுத்து, இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் மட்டும் லென்ஸை எடுத்து நானே உட்கார்ந்து பார்ப்பது என் பழக்கம். ஒரே கையெழுத்தில் நூற்றுக்கணக்கான பக்கம் இருந்தால் டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கையெழுத்துப் படிக்கும் செயலி ஒன்றில் அந்தக் கையெழுத்தையே பழக்கலாம். எட்டுப் பத்திரத்துக்கு அவ்வளவு பாடு வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். நீங்கள் தேடும் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். "இதில் கருப்பையா என்று என் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறதா" என்று கேட்டால், கறுப்பாக ஒரு மைக்கறை இருந்தாலும் அதைக் கருப்பையா என்று படித்துவிடும். கட்சிக்காரர் விரும்புவதைச் சொல்லும் வக்கீல் மாதிரி அது.

பழைய தமிழ் எழுத்து இந்த இயந்திரங்களுக்குத் தடுமாற்றம் தரும் இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன்பு னை, லை, ணா, றா எல்லாம் வேறு வடிவம். 'லை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு இருக்கும். அதற்கும் முந்தைய காகிதங்களில் புள்ளி இருக்காது, சொற்களுக்கு இடையே இடைவெளி இருக்காது. தமிழ் எண்கள் இன்னும் மோசம். ௧ பார்க்க 'க' மாதிரி, ௭ 'எ' மாதிரி, ௮ 'அ' மாதிரி. ஒரு குடும்பத்தின் கணக்கு நோட்டில் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் இருந்த பிள்ளையார் சுழியை ஒரு செயலி '2' என்று படித்து, எல்லாப் பக்கத்துக்கும் "பக்கம் 2" என்று பெயர் வைத்தது. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௹ ரூபாய், இந்தக் குறிகளின் பொருளை நீங்களே முதலில் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதித் தவறு ஒழியும்.

அப்புறம் எங்கள் தொழில் பாஷை. பத்திரத்தில் 'ஷை' என்று வந்தால் 'மேற்படி' என்று பொருள். ஷை கிராமம், ஷை நிலம். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு ஏஐ "ஷை முத்தையா" என்று ஒரு புதிய முன்னோரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது. அவனும் வம்சாவளிப் படத்தில் அவருக்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தான். இன்னொரு வீட்டில், பத்திரத்தில் இருந்த 'செக்குபந்தி'யைப் பார்த்து "உங்கள் முன்னோர் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டினார்கள்" என்று சொல்லிவிட்டது. செக்குபந்தி என்றால் நிலத்தின் நான்கெல்லை, எண்ணெய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 'வகையறா' என்று வந்தால் ஒரு ஆளின் பெயரல்ல, அவர் பேரில் வழங்கும் பங்காளிக் கூட்டம்.

அந்தச் செக்குபந்தியைத் தாண்டிப் போகாதீர்கள். குடும்ப வரலாறு தேடுபவர்கள் எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பத்திரத்தை மடித்துவிடுகிறார்கள். பொக்கிஷம் நான்கெல்லையில் இருக்கிறது. "இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் பாகத்துக்கு வடக்கு" என்று வரும் ஆட்கள் பல சமயம் அண்ணன் தம்பிகள், சித்தப்பா பெரியப்பா மக்கள். ஒரே நிலம் பாகம் பிரிந்து பிரிந்துதான் அடுத்தடுத்த வயல் ஆகிறது. முத்திரைத்தாளில் ஸ்டாம்பு வெண்டர் எழுதிய குறிப்பில் தாள் வாங்கியவர் பெயரும் ஊரும் தேதியும் இருக்கும். பின்பக்கத்தில் சார்பதிவாளர் எழுதியதில், ஆளை அடையாளம் காட்டியவர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர் இருக்கும். அவர்களில் ஒருவர் மச்சானாகவோ சம்பந்தியாகவோ இருக்க நிறைய வாய்ப்பு. பெட்டியில் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருந்தால் உங்களுக்கு யோகம்தான், அது பாதி வம்சாவளிக்குச் சமம்.

இங்கேதான் ஏஐ தன் கூலிக்கு உழைக்கிறது. எட்டுப் பத்திரத்தின் எழுத்தும் வந்த பிறகு அதனிடம் ஒரு அட்டவணை கேளுங்கள்: ஆள் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, பத்திரத்தில் அவர் யார், தேதி, எந்தப் பத்திரத்தின் எந்த வரி. அந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். வரி எண் சொல்ல முடியாத தகவலை நான் சேர்ப்பதில்லை. 60 பெயரைக் கையால் எழுதி ஒழுங்குபடுத்த எனக்கு ஒரு வாரம் ஆகும். இது ஒரு நிமிடத்தில் செய்கிறது.

அட்டவணை வந்ததும் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று தலைதூக்கும். பேரனுக்குத் தாத்தா பெயர். முத்தையா மகன் கருப்பையா, கருப்பையா மகன் முத்தையா, முத்தையா மகன் கருப்பையா என்று ஊஞ்சல் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். வெளிநாட்டுக் குடும்பப் பெயரை நம்பி வளர்ந்த செயலிகள் இந்த இடத்தில் இரண்டு கருப்பையாவை ஒரே ஆளாக ஒட்டிவிடும். நான் பார்த்த ஒரு குடும்பத்தில் 1911-இல் நிலம் வாங்கிய கருப்பையாவும் 1974-இல் விற்ற கருப்பையாவும் ஒருவர்தான் என்று இயந்திரம் சாதித்தது. 1911-இல் கைநாட்டு, 1974-இல் கையெழுத்து. போதாக்குறைக்கு 1943-ஆம் வருடத்துப் பத்திரம் ஒன்றின் நான்கெல்லையில் "காலஞ்சென்ற கருப்பையா பாகம்" என்று இருந்தது. அதை எடுத்துக் காட்டியதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டாகப் பிரித்தது. மன்னிப்புக் கேட்பதில் அதற்குக் குறையே கிடையாது. ஆனால் அதே கருவியிடம் "இந்த அட்டவணையில் வயது ஒத்துவராத இடங்களை மட்டும் காட்டு" என்று கேட்டால் நன்றாகச் செய்கிறது. தாய்க்கு 9 வயதில் மகன் பிறந்ததாகக் கணக்கு வந்தால் நடுவில் ஒரு தலைமுறை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா மகளைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவர் எல்லோரும் நம் குடும்பத்தில் உண்டு. ஒரே ஆள் தாய்மாமனாகவும் மாப்பிள்ளையாகவும் இருப்பார். மரம் வரையும் செயலி இதைப் பிழை என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். கண்டுகொள்ள வேண்டாம்.

தமிழ் வருடம் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். 60 வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும். அந்தக் கருப்பையா குடும்பத்துப் பாட்டி ஒருவர் "எங்க பாட்டனார் தாது வருசத்துல பொழைக்க வந்தாக" என்று சொல்லியிருந்தார். ஏஐ அதை 1936 என்று போட்டது. தாது 1936-37 மட்டுமல்ல, 1876-77-உம் தாதுதான். சென்னை மாகாணத்தையே உலுக்கிய பஞ்சத்தை நம் பக்கத்துக் கிழவிகள் இன்றும் தாது வருசப் பஞ்சம் என்றுதான் சொல்வார்கள். 1911-இல் அந்தக் குடும்பம் இந்த ஊரில் நிலம் வாங்கியிருக்கும்போது 1936-இல் எப்படிப் பிழைக்க வந்திருக்க முடியும்? ஆகவே தமிழ் வருடம் கண்டால் "பொருந்தக்கூடிய எல்லா ஆங்கில வருடங்களையும் கொடு" என்று கேளுங்கள், தேர்ந்தெடுக்கும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மொய் நோட்டு. நீங்கள் அதைக் கடைசியில் "ஒரு மொய் நோட்டும் இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். பெட்டியில் எனக்குப் பிடித்ததே அதுதான். பத்திரம் நிலம் உள்ளவனுடைய கதை, அதிலும் ஆம்பளைகள் கதை. பெண்கள் வந்தால் "ஷையார் சம்சாரம்" என்று வருவார்கள், பெயர் இல்லாமலே போய்விடுவார்கள். மொய் நோட்டில் ஊர் இருக்கும், பெயர் இருக்கும், தொகை இருக்கும். மதுரைப் பக்கத்தில் மொய் என்றால் சும்மா அன்பளிப்பு இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. அதனால் எழுதுகிறவர் ஊரையும் உறவையும் கவனமாக எழுதியிருப்பார். "தாய்மாமன்" என்று தனித் தலைப்பிட்டு எழுதிய பக்கம் இருந்தால் அங்கே நின்று பாருங்கள்.

அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து, ஊர்வாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் இப்படிச் செய்தபோது, மேலூர்ப் பக்கத்துச் சின்னக் கிராமம் ஒன்றிலிருந்து மட்டும் 14 பேர் வந்து எழுதியிருந்தது தெரிந்தது. யாருக்கும் அந்த ஊரோடு என்ன தொடர்பு என்று தெரியவில்லை. பொதுவாக எல்லோரும் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் எழுதியிருக்க, அங்கிருந்து வந்தவர்களில் மூன்று பேர் பெரிய தொகை. நேரில் போய் விசாரித்தால் கொள்ளுப்பாட்டி பிறந்த ஊர் அது. அறுபது வருடமாக விட்டுப்போன தாய்வீட்டு உறவை அந்த நோட்டு கொடுத்தது. ஊர்வாரியாகப் பிரித்தது இயந்திரம். பேருந்து ஏறிப் போய், ஊர் மந்தையில் உட்கார்ந்து கேட்டது அந்த வீட்டு மருமகள். ஊர்ப் பெயர்களில் மட்டும் அதைக் கண்ணை மூடி நம்பாதீர்கள். நம் பக்கம் ஒரே பெயரில் இரண்டு மூன்று பட்டிகள் உண்டு, அது தனக்குத் தெரிந்த பெரிய ஊரோடு முடிச்சுப் போடும்.

கேசட்டுக்கு வருவோம். கடையில் கொடுத்து டிஜிட்டல் கோப்பாக மாற்றி வாங்குங்கள், மூலக் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் தமிழுக்கு நிறைய வந்துவிட்டன. விஸ்பர் இருக்கிறது, மத்திய அரசின் பாஷிணி இருக்கிறது, சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கென்றே கருவிகள் செய்கிறது. செய்தி வாசிப்பவர் தமிழ் என்றால் அருமையாக எழுதும். அப்பத்தா தமிழ் வேறு. "அவுக அங்கிட்டுப் போனாக, இவுக வெள்ளனவே வந்துட்டாக" என்பதை அது என்ன செய்யும் என்று நீங்களே பாருங்கள். எங்கள் வீட்டுப் பதிவில் 'அப்பத்தா' வந்த இடமெல்லாம் 'அப்பாதான்' என்று எழுதி, கடைசியில் சுருக்கம் கேட்டபோது என் அப்பாவுக்குக் குழந்தை பிறந்ததாகச் சொன்னது. பேச்சு நின்று வெறும் இரைச்சல் ஓடிய இடத்தில் யாரும் சொல்லாத ஒரு வாக்கியத்தைத் தானாக எழுதி, "பார்த்ததற்கு நன்றி" என்று முடித்திருந்தது. நடுவில் சேவல் கூவியதுதான் நிஜத்தில் நடந்தது.

ஆகவே எழுத்து வந்த பிறகு ஒலியைப் போட்டுக்கொண்டு வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அந்த நாளில் அப்பத்தாவின் குரல் உங்களுக்குள் ஏறிவிடும், அது வேறு லாபம். அவுக, இவுகவை 'அவர்கள்' என்று திருத்திவிடாதீர்கள்.

இரண்டாவது கேசட்டில் ஒப்பாரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இயந்திரத்திடம் கொடுக்கவே வேண்டாம். இழுவையும் அழுகையும் சேர்ந்த பாட்டு அதற்குப் பிடிபடாது. ஆனால் ஒப்பாரியில்தான் பிறந்த வீடு வரும், கூடப் பிறந்தவன் வருவான், அவன் எந்தத் திசையிலிருந்து எந்த ஆற்றைத் தாண்டி வருவான் என்று வரும். அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். ஒரு வரி கேட்டதும் அவர் அடுத்த வரியைச் சொல்வார். வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கலந்து பேசுகிறவர்கள், குறிப்பாக மதுரை நெசவாளர் வீடுகள், இந்த விஷயத்தில் கருவியை நம்பவே முடியாது. சௌராஷ்டிரத்தை அது கோணல் தமிழாக எழுதி வைக்கும்.

போட்டோவைப் புதுப்பிக்கும், வண்ணம் பூசும், அசைய வைக்கும் செயலிகள் இருக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. ஒரு வீட்டில் தண்டட்டி போட்ட கிழவி படத்தைத் தெளிவாக்கக் கொடுத்தார்கள். தோள் வரை தொங்கிய வளர்த்த காதைப் பழுது என்று நினைத்து இந்தக் காலத்துக் காதாக மாற்றிவிட்டது. தண்டட்டியும் போச்சு, கிழவியும் போச்சு. இன்னொரு படத்தில் வெள்ளைச் சேலைக்கு ரோஜா நிறம் அடித்தது. அவர் 22 வயதில் தாலியறுத்தவர். படத்தில் கோடு, கறையை நீக்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் அது வேறு யாரோ. மூலத்தை ஸ்கேன் செய்து தனியாக வையுங்கள்.

இலங்கைக் கடிதங்கள். தபால் முத்திரையையும் உறையையும் தனியாகப் படம் எடுங்கள். "கண்டிச் சீமை" என்று நம் பக்கத்தில் சொன்னால் கண்டி நகரம் அல்ல, மலைநாட்டுத் தோட்டங்கள் மொத்தமும் அதில் அடங்கும். ஏஐ கண்டி என்றே வரைபடத்தில் புள்ளி வைக்கும். தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, தொழிலாளர்கள் தமிழில் வழங்கிய பெயர் ஒன்று. கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் தமிழ்ப் பெயர். அதற்கு ஆங்கிலப் பெயர் என்ன என்று ஏஐயைக் கேட்டால் தயங்காமல் ஒன்றைச் சொல்லும். இரண்டு முறை கேளுங்கள், இரண்டு பெயர் வரும். திரும்பி வந்த குடும்பமா என்று தெரிந்துகொள்ளுங்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். அங்கே கொடுத்த குடும்ப அட்டையைப் பல வீடுகளில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கடிதம் எழுதியவரின் பிள்ளைகள் யாராவது வந்திருந்தால் அந்த அட்டையைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பெட்டிக்கு வெளியே தேடும்போது மாவட்டக் குழப்பத்தை மனதில் வையுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் 1910-இல் உருவானது, அதற்கு முன் அதில் பெரும்பகுதி மதுரை ஜில்லா. திண்டுக்கல் 1985-இலும் தேனி 1997-இலும் மதுரையிலிருந்து பிரிந்தன. பழைய காகிதத்தில் "மதுரை ஜில்லா பெரியகுளம் தாலுகா" என்று வந்தால் ஏஐ அதைத் தவறு என்று திருத்த வரும், விடாதீர்கள். கிராமக் கர்ணம் (கணக்குப்பிள்ளை), மணியம் (ஊர்த் தலைவர்) பதவிகளை 1980-இல் ஒழித்தபோது சில பழைய கணக்குகள் கர்ணத்தின் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. அந்த வீட்டு வாரிசுகளைப் பாருங்கள். பழைய பத்திர நகலுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு, தேடல் கட்டணம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு. சேசு சபையின் மதுரை மிஷன் ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன. பழைய பங்குப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும், லத்தீனை ஏஐ தமிழ்க் கையெழுத்தை விட நன்றாகவே படிக்கிறது என்பது வேடிக்கை. குலதெய்வக் கோயிலில் வரி வசூலிக்கும் நோட்டையும் மறந்துவிடாதீர்கள், மாசி மகாசிவராத்திரிக்குப் போனால் பங்காளிகள் மொத்தப் பேரையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம்.

கடைசியாகக் கதை எழுதுவது. நீங்கள் முதலில் கேட்டதே அதுதான். சரிபார்த்த தகவலைக் கொடுத்து "கதையாக எழுது" என்றால் சுவையாகத்தான் எழுதும். அந்தச் சுவையைத்தான் சோதிக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அது எழுதிய கதையில் 1935-இல் ஒரு சிறுவன் வைகை அணையில் குளிக்கிறான். அணை திறந்தது 1959-இல். இது சின்னத் தவறு, திருத்திவிடலாம். இன்னொரு குடும்பத்தின் கதையில், 1925-இல் கொள்ளுப்பாட்டி மீனாட்சி அம்மன் சந்நிதியில் கண்ணீர் மல்க நின்று மகனுக்காக வேண்டுகிறார். படித்தவர்கள் எல்லோரும் உருகினார்கள். அந்தக் குடும்பம் கோயிலுக்குள் விடப்படாத சமூகத்தைச் சேர்ந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரை வக்கீல் வைத்தியநாத ஐயர் கூட்டிக்கொண்டு உள்ளே போகும் வரை அவர்களுக்குக் கோபுர வாசல்தான் எல்லை. அந்தப் பாட்டி வாசலுக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டிருப்பார். ஏஐ அவரை அன்பாகக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போய், அவர் பட்ட அவமானத்தைத் துடைத்து விட்டது. எழுத்துப் பிழையை விட இது எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது.

உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதன் மறுபக்கம் இருக்கிறது. ரேகைச் சட்டம் என்று ஊரில் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ஆம்பளைகளைப் பிறப்பை வைத்தே பதிவு செய்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு வரை போனது. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது. பழைய போலீஸ் பதிவேட்டில் தாத்தா பெயர் கிடைத்து, அதை ஏஐயிடம் கொடுத்தால், "குற்றவாளி" என்று எழுதிவிடும். காகிதத்தில் எழுதியிருப்பதைத்தானே படிக்கிறது. அதை எழுதியவன் யார், எதற்கு எழுதினான் என்று சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நான் கதையை எழுதச் சொல்வதில்லை, கேள்வி கேட்கச் சொல்கிறேன். சரிபார்த்த அட்டவணையையும் கேசட் எழுத்தையும் கொடுத்து, "இதில் உனக்குப் புரியாதது என்ன? அத்தையிடம் கேட்க 20 கேள்வி எழுது" என்பேன். இதில் அது கெட்டி. "1952-இல் கிணற்றுப் பங்கை ஏன் விற்றார்கள்? அடுத்த வருடமே வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார்களே" என்று ஒரு முறை கேட்டது. அந்த வீட்டில் யாரும் கவனிக்காத விஷயம். போய்க் கேட்டால் ஒரு குழந்தையின் வைத்தியச் செலவு. கதையை அந்த வீட்டுப் பெண்ணே எழுதினாள், நான்கு பக்கம், கோணல்மாணலாக. எனக்கு அதுதான் பிடித்தது. எழுதும்போது ஓரத்தில் ஒரு குறி போடுங்கள்: காகிதம் சொன்னது, வாய் சொன்னது, நாமாக நினைத்தது. மூன்றுக்கும் மூன்று நிற மை போதும்.

உயிரோடு இருப்பவர்களின் ஆதார், சாதிச் சான்று, சர்வே எண், இவற்றைச் செயலிகளில் ஏற்ற வேண்டாம். நீங்கள் கொடுப்பதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாமல் இருக்க அமைப்புகளில் வழி உண்டு, முதலில் அதை மாற்றுங்கள். இரண்டாம் தாரம், தத்து, ஓடிப்போன கல்யாணம் எல்லாம் வெளிவரும். குடும்ப வாட்ஸப் குழுவில் போடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இயந்திரம் வரைந்த வம்சாவளியைக் காட்டி யாரும் பாகம் கேட்டுக் கிளம்பிவிடக் கூடாது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் வேறு, இது வேறு.

வரிசை என்று கேட்டால், இந்த ஞாயிற்றுக்கிழமையே செக்கானூரணி. பத்திரம் இன்னும் 50 வருடம் பெட்டியில் இருக்கும். வெள்ளனவே போய்விடுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் அசந்துவிடுவார்கள். வெற்றிலை போடுகிறவர் என்றால் ஒரு கவுளி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பதிவை ஓடவிட்டு, அத்தையிடம் சொல்லிவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் ஓரமாக வையுங்கள். அட்டவணை அச்செல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். அந்த மொய் நோட்டை மட்டும் எடுத்துப்போய் முதல் பக்கத்தைத் திறந்து, "இது யாரு அத்தை?" என்று கேளுங்கள்.